நகம் வளராத வீடு

படுக்கையில் கிடக்கும் பெரியவரின் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருக்கும்போது என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. வெந்நீரில் ஊறவைத்தாலும் அந்த நகம் ஓடு மாதிரிதான் இருக்கும். கை கொஞ்சம் நழுவினால் சதை. இது தெரிந்தும் அறை வாசலில் ஒரு தலை எட்டிப் பார்த்து, "சிஸ்டர், பாப்பாவோட சாக்ஸ் எங்க இருக்கு?" என்று கேட்டால், அது யாரென்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். அவர்தான் பார்த்துக்கொள்கிறவர்.

இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'நீ படி, நான் பாத்துக்கறேன்', 'நீ வேலைக்குப் போ, நான் பாத்துக்கறேன்' என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வார்; சொல்லும்போது கண்கூடக் கலங்கும்; சொல்லி முடித்த கையோடு, பால் பாத்திரத்துக்கு மூடி எது, அடுப்பை எப்போது அணைப்பது, அணைத்தபின் பால் யாருக்கு, குடித்த டம்ளரை எங்கே வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே, படிக்கச் சொன்னவள் பின்னாலேயே வீடு முழுக்க நடப்பார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சமாளிப்பது சுலபம். பெண்களிலும் இவர் உண்டு; அவர்கள் பெரும்பாலும் போனில் பார்த்துக்கொள்வார்கள். நோயாளிகளைக் கவனிக்கப் பயிற்சி எடுத்து எத்தனையோ வீடுகளில் தங்கி வேலை பார்த்துவிட்டேன். இவர் இல்லாத வீடு அபூர்வம்.

இந்த வீட்டில் அவர் பெரியவரின் மகன். அவர் மனைவி மருந்தாளுநர் படிப்பைப் பாதியில் விட்டவள். குழந்தை பிறந்தது, அப்புறம் மாமனார் படுத்துவிட்டார். பிள்ளை பெற்றபின் கல்லூரிக்குத் திரும்புகிறவர்களுக்கென்று பல்கலைக்கழகத்தில் ஓர் அம்மாள் நிரந்தர நிதி வைத்திருக்கிறார். அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒருவருக்கு முழுப் படிப்புச் செலவும் கிடைக்கும். இவளுக்கு அது கிடைத்தால் படிப்பு உண்டு. கிடைக்காவிட்டால் விட்ட இடத்தில் விட்டதுதான். கைக்குழந்தையோடு பட்டம் வாங்கியவராம் அந்த அம்மாள். அதனால் ஒரு விசித்திரமான விதி போட்டிருந்தார்: அவரே நடத்தும் நேர்காணலுக்கு முதலில் உள்ளே போக வேண்டியவர் படிக்கப் போகிறவர் அல்ல, வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர். தனியாக. கைபேசி வெளியே.

நம்மவர் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகி, இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை மாதிரி போனார். சாயங்காலம் அதே சட்டை கசங்கி, முகமும் கசங்கித் திரும்பினார். நான் பெரியவருக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இதெல்லாம் ஒரு கேள்வியா, சிஸ்டர்?"

"என்ன கேட்டாங்க, தம்பி?"

"பெண்கல்வியப் பத்தி நல்லாத்தான் பேசிட்டிருந்தேன். நடுவுல அந்தம்மா, பாப்பாவுக்கு எந்தக் கிழமை நகம் வெட்டுவீங்கன்னு கேக்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்க பாப்பாவுக்கு நகம் அவ்வளவா வளராதுங்கன்னேன்."

பக்கவாதம் வந்ததிலிருந்து பெரியவர் ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்துத்தான் செலவழிப்பார். அன்றைக்குத் தாராளமாகச் செலவழித்தார்.

"உனக்கும் அப்படித்தான்டா. உங்கம்மா இருந்த வரைக்கும் வளரவே இல்ல."

நான் துண்டால் வாயை மறைத்துக்கொண்டேன். வாசலில் நின்ற மருமகள் சிரிக்கவில்லை.

"நீங்க வேற, மாமா. முடிவு சொல்லாம நிறுத்தி வச்சிருக்காங்க. நாளைக்கு நான் விடியக்காலையில போய் அங்க லைப்ரரியில உக்காந்துக்கணுமாம். இவர் பாப்பாவக் கெளப்பி ஸ்கூல்ல விட்டுட்டு வந்து அந்தம்மாவப் பாக்கணுமாம். போன் பண்ணி என்னைக் கேக்கக் கூடாது. அதுக்கப்புறம்தான் உண்டா இல்லையான்னு சொல்வாங்களாம்."

"அவ்வளவுதானே? நீ கவலையே படாதே. நான் பாத்துக்கறேன்" என்றார் அவர்.

பெரியவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலையில் அவள் செருப்பை மாட்டிய பிறகும் கை தன்னால் சாக்ஸ் வைக்கும் இழுப்பறைப் பக்கம் போனது. "எடுத்து வச்சிட்டு மட்டும் போயிடறேன், சிஸ்டர்." நான் அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டி, வெளியே அனுப்பி, கதவைச் சாத்தினேன். பிறகு பெரியவரிடம் போய் அவர் காலை வெந்நீரில் ஊறவைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் தலை எட்டிப் பார்த்தது. "சிஸ்டர்..."

"ம்."

என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த நகவெட்டியைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல."

அதற்கப்புறம் கேட்டதெல்லாம் சத்தம்தான். ஒவ்வோர் இழுப்பறையாகத் திறந்தது. எவர்சில்வர் மூடி ஒன்று கூடம் முழுக்க உருண்டது. பால் பொங்கிய வாடை வந்தது.

"அப்பா, அது அம்மா சாக்ஸ்."

"இன்னைக்கு ஒரு நாள் போட்டுக்க."

"பெருசா இருக்கு. நகத்த ஓரத்துலேர்ந்து வெட்டணும்ப்பா, நடுவுலேர்ந்து இல்ல."

"உனக்கு இவ்வளவு நகம் எப்பம்மா வளந்துச்சு?"

பெரியவர் ரேடியோ நாடகம் கேட்கிறவர் மாதிரி கண்ணை மூடி ரசித்தார். குழந்தை ஒரு பின்னல் மேலும் ஒரு பின்னல் கீழுமாகப் பள்ளிக்குப் போனது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அவர் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

மத்தியானத்துக்கு முன்பே இருவரும் சேர்ந்து வந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கெடச்சிருச்சு, சிஸ்டர். நகம் வெட்டினீங்களான்னு கேட்டிருக்காங்க. ஒரு சுண்டுவிரல் பாக்கிங்க, கூசுதுன்னு பாப்பா தர மாட்டேங்கறாள்னு சொல்லியிருக்கார். அந்தம்மா சிரிச்சிட்டு அப்பவே கையெழுத்துப் போட்டுட்டாங்களாம்."

"நான்தான் சொன்னேனே, நான் பாத்துக்கறேன்னு" என்றார் அவர், உலகத்தையே தூக்கி நிறுத்தியவர் போல. பிறகு சட்டைப் பையிலிருந்து குழந்தையின் நகவெட்டியை எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு மனைவியிடம் கேட்டார்: "இத எங்க வைக்கணும்?"

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் வீட்டு நகவெட்டி எங்கே இருக்கிறது? பக்கத்து அறையைப் பார்த்துக் குரல் கொடுக்காமல் சொல்லுங்கள்.