சாரி கார்டு இல்லாத வண்டி

2007, அக்டோபர். ஆயுத பூஜைக்கு மறுநாள், நண்பகலுக்குச் சற்று முன். இடம்: கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை. திருவள்ளூரில் வசிக்கும், ஓய்வுபெற்ற இயந்திரவியல் பேராசிரியர் ஒருவர், விலைக்கு வாங்கும் நோக்கத்துடன் ஓட்டிப் பார்த்த மோட்டார் சைக்கிளிலிருந்து வலப்பக்கமாக விழுந்தார். வானம் தெளிவாக இருந்தது. சாலையில் போக்குவரத்து இல்லை. விழுந்த இடத்தில் உடைந்த பூசணிக்காய் இருந்தது. முழங்கையில் சிராய்ப்பு, வண்டியின் முன்விளக்குக் கண்ணாடி உடைந்தது. நேரில் கண்டவர்கள்: ஒரு காவலாளி, ஆடு மேய்த்த ஓர் அம்மாள், பேராசிரியரின் மைத்துனர் (தொலைவிலிருந்து), பூசணியைத் தின்றுகொண்டிருந்த ஓர் ஆடு. வண்டியில் பேராசிரியரைத் தவிர வேறு எவரும் இல்லை.

அந்தப் பேராசிரியர் நான். மேற்கண்ட குறிப்பில் கடைசி வாக்கியத்தைத் தவிர மற்ற அனைத்துக்கும் நான் உறுதி கூறுவேன்.

என் மனைவி மரகதத்துக்குப் பேருந்து ஆகாது. ரயிலும் ஆகாது. காரில் ஏறினால், அது புறப்படுவதற்கு முன்பே எலுமிச்சம்பழத்தை முகரத் தொடங்கிவிடுவாள். (திருமணம் முடிந்து ஊர் திரும்பியபோது என் புது வேட்டிக்கு நேர்ந்ததை இங்கே விவரிக்கப் போவதில்லை.) ஆனால் முகத்தில் காற்றுப் பட்டால் போதும், இரு சக்கர வண்டியில் எந்த ஊருக்கும் வருவாள். எங்கள் ஸ்கூட்டரின் பின்னிருக்கையில், கால்களை இடப்பக்கம் போட்டு, ஒரு கையை என் தோளில் வைத்தபடி, திருவாலங்காட்டுக்கும் ஆர்.கே.பேட்டைக்கும் வராத ஆண்டே கிடையாது. பனியைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. "ஃபிரிட்ஜைத் திறந்தால் இருக்கிறதே" என்று நான் சொல்வதுண்டு. (ஆசிரியர்களின் நகைச்சுவை உணர்வைப் பற்றி மாணவர்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் உண்மையே.) கடைசியில், நான் ஓய்வு பெற்றதும் வண்டியிலேயே இமயமலைக்குப் போவது என்று முடிவாயிற்று.

ஓய்வு பெற்றேன். அதே ஆண்டு சித்திரையில் அவள் போய்விட்டாள்.

நான் தனியாகவாவது போவதென்று தீர்மானித்தேன். கொடுத்த வாக்கு, கேட்டவர் இல்லை என்பதால் மட்டும் தீர்ந்துவிடுவதில்லை. அடுத்த ஆனியில் மலைப்பாதை திறந்துவிடும். அதற்குள் தகுந்த வண்டி ஒன்று வேண்டும். என் மகள் தொலைபேசியில் அழுதாள். நான் அழவில்லை. வண்டி தேடினேன்.

தேடலில் எனக்குத் துணை மரகதத்தின் தம்பி தாமு. திருப்பாச்சூரில் நெல் விளைவிப்பவன். என்னோடு கடை கடையாக ஏறி இறங்கினான். நான் ஒவ்வொரு விற்பனையாளருக்கும் புவியீர்ப்பு மையம், தரையிலிருந்து எந்திரத்தின் உயரம், மேட்டில் ஏறும்போது முன்சக்கரத்தின் மீது விழும் பாரம் ஆகியவற்றைப் பற்றிச் சிற்றுரை நிகழ்த்துவேன். பிறகு வண்டியின் பின்பக்கம் சென்று, சற்று நேரம் நின்று, "இது சரிப்படாது" என்பேன். ஏன் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு சூத்திரம் சொல்வேன்.

"மாமா, எங்க அக்காவப் பொண்ணு பாக்க வந்தப்ப ஒரே பார்வையில தலையாட்டினீங்களே. ஒரு வண்டிக்கு இத்தினி பேஜாரா?" என்றான் தாமு.

அப்போதுதான் கும்மிடிப்பூண்டியில் ஒரு வண்டி இருப்பதாகச் செய்தி வந்தது. ஆலை ஒன்றில் வேலை பார்த்த வெளிநாட்டுப் பொறியாளர் ஊர் திரும்பும்போது விட்டுச் சென்றது, நெடும்பயணத்துக்கென்றே செய்யப்பட்டது. பழைய இயந்திரங்களை வாங்கி விற்கும் ஜமீல் பாயிடம் இருந்தது. பாய் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். விடுமுறை நாளில் சாலை காலியாக இருக்கும், ஓட்டிப் பார்க்கலாம் என்று அழைத்தார்.

காலியாக இருக்கும் என்று சொன்னாரே தவிர, எவ்வளவு காலி என்று சொல்லவில்லை. ஆண்டு முழுவதும் இரைந்துகொண்டே இருக்கும் உருக்காலைகள் அன்று மூச்சை அடக்கிக்கொண்டிருந்தன. எங்கோ ஒரு தகரம் மட்டும் காற்றில் அடித்துக்கொண்டது. கம்பிக் கதவுகளுக்குப் பின்னால், சந்தனமும் குங்குமமும் இடப்பட்ட இயந்திரங்கள் வரிசையாக நின்று எங்களைப் பார்த்தன. ஒவ்வொரு வாயிலின் முன்பும் வாழைக்கன்று. ஒவ்வொரு வாயிலுக்கும் எதிரே, நடுச்சாலையில், குங்குமம் கலந்து சிவந்து பிளந்த பூசணிக்காய். ஏதோ பெரிய சம்பவம் நடந்து, உடல்களை மட்டும் அப்புறப்படுத்திவிட்டுப் போனதைப் போல் இருந்தது.

"இன்னா மாமா, பட்டப்பகல்ல சுடுகாடு கணக்கா கீது" என்றான் தாமு. நான் அதைக் கண்டித்தேன். கண்டித்த குரல் சற்று உயர்ந்தே ஒலித்தது.

பாயின் கொட்டகையில், அரக்கு நிறப் பழைய நூல் புடவை ஒன்றால் வண்டியை மூடி வைத்திருந்தார்கள். மரகதத்திடமும் அப்படி ஒன்று உண்டு. எல்லோர் வீட்டிலும் இருக்கும் நிறம்தான். பாய் அதை உருவிப் பின்பக்கமாக எறிந்தார். அது எங்கே விழுந்தது என்று நான் கவனிக்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தேன். உயரம் என் மார்பளவு. பின்னால் பயணப்பெட்டி ஒன்று, ஆள் உட்கார்ந்திருப்பது போல நிமிர்ந்து நின்றது. முன்விளக்கின் நடுவே பெரிய குங்குமப் பொட்டு.

"நம்ப பசங்க பூஜை போட்டானுங்கோ. சுண்டல் மட்டும் நம்ப செலவு" என்று சிரித்தார் பாய். "பாருங்கோ சார், யானை. காகிதமெல்லாம் சுத்தம்."

நான் முறைப்படி ஆராய்ந்தேன். பின்னால் அமர்பவருக்கான இரண்டு மிதிபடிகளும் மேல்நோக்கி மடிந்து துருப்பிடித்திருந்தன; இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பிறகு வழக்கம் போலப் பின்சக்கரத்தின் அருகே சென்று நின்றேன்.

"இதில் சாரி கார்டு பொருத்த முடியுமா?"

புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் அந்தக் கம்பிச் சட்டத்தைப் பற்றித்தான் கேட்டேன். இத்தனை நாள் ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் நான் தேடியது அதைத்தான் என்பது, கேட்ட பிறகே எனக்குத் தெரிந்தது.

பாய் தாமுவைப் பார்த்தார். தாமு தரையைப் பார்த்தான்.

"சார், இது மலை ஏர்ற வண்டி."

"தெரியும்."

"பின்னால யாரு குந்தப் போறாங்கோ?"

"இரு சக்கர வாகனங்களில் அது சட்டப்படி கட்டாயம்" என்றேன். முப்பது ஆண்டுகள் வகுப்பு நடத்தியவனுக்கு, கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கத் தெரியும்.

"வெச்சிக்கலாம் சார். வெல்டிங்தானே" என்றார் பாய், மெதுவாக.

வண்டியை எடுத்தேன். தாமு தன் மொபெட்டில் பின்தொடர்ந்தான். என்னைப் பிடிக்க முடியாமல் வெகுதூரம் பின்தங்கிவிட்டான். வண்டி அற்புதமாகச் சென்றது. என் முதுகுக்குப் பின்னால் படபடவென்று மெல்லிய ஓசை. காற்று என்று எண்ணினேன்.

முதல் ஆலையின் வாயிலில் நின்ற காவலாளி என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார். "சார்! பொடவ! பொடவ!"

நான் வேட்டிகூட அணிந்திருக்கவில்லை; காற்சட்டையில் இருந்தேன். தொழிற்பேட்டையில் விடுமுறை நாளில் சிலர் காலையிலேயே குடித்துவிடுவார்கள் என்று முடிவு செய்தேன். சற்றுத் தள்ளி, ஆடுகளோடு வந்த அம்மாள் ஒருவர் என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் பார்த்துக் கூவினார்: "யம்மா! முந்தாணிய எடும்மா! சக்கரத்துல சுத்திக்கப் போவுது!"

அவர் என்னிடம் பேசவில்லை. என் பின்னால் இருந்தவரிடம் பேசினார்.

திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அறிவியல் கற்றவன். ஆனால் திரும்பாத வரையில் அது நிரூபிக்கப்படுவதில்லை. நான் திரும்பவில்லை. என் இடது கை மட்டும், முப்பது ஆண்டுப் பழக்கத்தில், என்னைக் கேட்காமலே பின்னால் சென்று காற்றில் துழாவியது. விரல்களில் துணி தட்டுப்பட்டது. நூல் புடவையின் துணி.

"எடுத்துச் சொருகிக்கோ மரகதம், எத்தனை தடவை சொல்றது" என்றேன். உரக்க, எரிச்சலோடு, எப்போதும் சொல்வது போல.

அந்தக் கணத்தில் முன்சக்கரம் பூசணிக்காயின் மீது ஏறியது. வழுக்கும் பரப்பில் உராய்வின் குறைவு பற்றி நான் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். எந்தப் பாடமும் அவ்வளவு விரைவாக முடிந்ததில்லை.

கண் திறந்தபோது என் சட்டை முழுவதும் சிவப்பு. முகத்தருகே ஓர் ஆடு மென்றுகொண்டிருந்தது. காவலாளி ஓடி வந்து, "அய்யோ, மண்ட பொளந்துகிச்சே!" என்று அலறினார். பூசணி விதைகளைக் கண்டதும் அமைதியானார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"சார், அம்மா எங்க?"

நான் சட்டையில் ஒட்டியிருந்த விதைகளைப் பொறுக்கினேன்.

"கூட வந்த அம்மா சார்! எங்க உழுந்தாங்கோ?" அவர் சாலையோரப் பள்ளத்தில் இறங்கி, கருவேலம் புதர்களை விலக்கித் தேடத் தொடங்கினார். ஆட்டுக்கார அம்மாளும் இறங்கித் தேடினார். "யம்மா! யம்மா! கொரல் குடும்மா!" என்று இருவரும் அந்த ஆளற்ற தொழிற்பேட்டையில் என் மனைவியை அழைத்துக்கொண்டிருந்தார்கள். தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சற்று நேரம் தடுக்கவில்லை. அவர்கள் அழைத்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"அவங்க வரலைங்க" என்றேன் பிறகு.

தாமு வந்து சேர்ந்தான். என்னைத் தூக்கி உட்காரவைத்து, கைகால்களை அசைத்துப் பார்த்தான். பின்சக்கரத்தில் சுற்றிக் கிடந்த அரக்குப் புடவையையும் பார்த்தான். பாய் எறிந்தபோது கொட்டகை உத்தரத்தில் தொங்கிய அது, வண்டி புறப்படும்போது பின்பெட்டியின் மீது சரிந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, முக்காடிட்ட ஒரு பெண் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் விளக்கம் உண்டு.

"கத்திக்கினே போனீங்களே மாமா, அங்க வரைக்கும் கேட்டுச்சு. யாரோட பேசிக்கினு போனீங்கோ?"

"ஆட்டோடு."

தாமு ஆட்டைப் பார்த்தான். "ஆட்டுக்குப் பேரு மரகதமா மாமா?"

நான் சிரித்தேன். சித்திரைக்குப் பிறகு அதுதான் முதல் முறை. அவனும் சிரித்தான், பிறகு நடுச்சாலையில், பூசணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் அக்காவுக்காக வெகுநேரம் அழுதான். நான் உடைந்த முன்விளக்கை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அதில் ஆராய அதிகம் இல்லை.

வண்டியை நிமிர்த்தும்போது அவன்தான் கவனித்தான். "இது ஒண்ணு மட்டும் எறங்கிக்கினு கீது பாருங்கோ." பின்னிருக்கையின் இடப்பக்க மிதிபடி, கால் வைக்கத் தோதாகக் கீழே இறங்கியிருந்தது. விழுந்த அதிர்ச்சியில் இறங்கியிருக்கும் என்றேன். வண்டி விழுந்தது வலப்பக்கம். அதை நான் சொல்லவில்லை, தாமுவும் கேட்கவில்லை.

வண்டியை வாங்கினேன். திருவள்ளூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் சாரி கார்டும் பொருத்தினேன். மலையேறும் யானைக்குக் கொலுசு போட்டாற்போல இருக்கிறது என்று பட்டறைக்காரர் சொன்னார். ஆனியில் புறப்படவும் செய்தேன். ஆரம்பாக்கம் தாண்டி, ஆந்திர எல்லையில் ஒரு கடையில் நிறுத்தி, "ரெண்டு டீ" என்றேன். கடைக்காரர் இரண்டு கண்ணாடிக் குவளைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எனக்குப் பக்கத்து இடத்தைப் பார்த்தார். இரண்டையும் குடித்துவிட்டு வீடு திரும்பினேன்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யார் இரு சக்கர வண்டியில் ஏறினாலும், வாசலில் நிற்பவர்கள் "பொடவ! பொடவ!" என்று கத்தாமல் அனுப்புவதில்லை. ஜீன்ஸ் அணிந்த என் பேரனுக்கும் அதே வழியனுப்புதல்தான். அவன் தலையில் அடித்துக்கொண்டு போகிறான். வெள்ளிக்கிழமைகளில் நான் திருப்பாச்சூர் கோயிலுக்குப் புறப்படும்போது மட்டும் தாமு கத்துவதில்லை. இடப்பக்க மிதிபடியைக் காலால் இறக்கிவிட்டு, ஒதுங்கி நிற்கிறான்.

இன்னும் செய்யாமல் விட்டவை:

முன்விளக்குக் கண்ணாடியை மாற்றுதல். (அடுத்த வாரம் கிடைத்துவிடும் என்று பாய் இன்றுவரை சொல்லி வருகிறார்.)

அரக்குப் புடவையைத் துவைத்துப் பாயிடம் திருப்பித் தருதல்.

பனியைக் கையால் தொடுதல்.

ஓட்டும்போது, ஒருமுறையாவது, பின்னால் திரும்பிப் பார்த்தல்.