மிக்ஸிங் நடுவில் கிடைத்த ஆசி

மதிப்பிற்குரிய புருல் அக்காவுக்கு,

பிஷ்கெக்கிலிருந்து தம்பி சகின்பெக் நெஞ்சில் கை வைத்து எழுதுவது. நீங்கள், அத்தான், அத்தானின் முழங்கால், ஆடுகள், எல்லாரும் நலம்தானே? இங்கே நாங்களும் நலம். நீங்கள் பொரித்துக் கொண்டுவந்த பூர்சோக் பலகாரம் தீர்ந்துபோனதைத் தவிர வேறு குறையில்லை.

முதலில் நன்றி. முப்பது வருடமாகக் கல்யாண வீடுகளில் அடுத்தவர் பாட்டைப் பாடி, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கைதட்டும் ஜனங்களுக்கு நடுவில் காலம் தள்ளியவன் நான். இந்த ஐம்பத்திரண்டு வயதில், என் சொந்தப் பாட்டு ஒன்று என் குரலில் ரேடியோவில் வந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தப் பழைய ஸ்டுடியோவை ஒரு நாள் முழுக்க வாங்கித் தந்தவர் நீங்கள். அதன் மேலாளர் நாலாம் வகுப்பில் உங்களிடம் கணக்குப் படித்தவராம். இன்னமும் உங்களைக் கண்டால் எழுந்து நிற்கிறார், பாவம்.

கோரஸ் பாட வேண்டிய பெண் வரவில்லை. "அதுக்கென்னடா, நான் பாடறேன்" என்று மைக் முன்னால் போய் நின்றுவிட்டீர்கள். உங்களிடம் வேண்டாம் என்று சொல்ல நம் குடும்பத்தில் இன்னும் ஆள் பிறக்கவில்லை. நேரில் சொல்லத் துணிவில்லாத ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் தேநீர் ஊற்றப் போனபோது சவுண்ட் இன்ஜினியர் வலேரி பாவ்லோவிச்சின் காதில், "அக்கா குரல் தனி ட்ராக்லதானே இருக்கு? மிக்ஸிங்ல அமுக்கிடலாம்" என்றேன். "உங்க அக்கா, உங்க பாவம்" என்றார் அவர்.

அந்த மிக்ஸிங் மேசை என்னைவிட மூத்தது. அதற்கு எதுவும் நினைவில் நிற்காது. பாட்டு ஓட ஓட, ஒவ்வொரு குமிழையும் ஓர் ஆள் பிடித்து ஏற்றி இறக்க வேண்டும். வாத்தியங்கள் வலேரிக்கு, என் குரல் டிரம் அடிக்கும் தோரோன்பெக்குக்கு, உங்கள் குரல் எனக்கு. டேப் இயந்திரமோ சூடானால் வேகம் குறைந்து, மாடு கத்துவதுபோல் இழுக்கும். ஒத்திகையிலேயே கொதித்துவிட்டது. "இன்னும் ஒரே தடவைதான் தாங்கும். அஞ்சு மணிக்கு ரேடியோக்காரன் வந்துடுவான். யாரும் தும்மிடாதீங்க" என்றார் வலேரி.

டேப் ஓடத் தொடங்கியது. கதவு திறந்தது. "என்னடா இது, ஆசி வாங்காமலா ஆரம்பிச்சீங்க? கையை ஏந்துங்க" என்றீர்கள்.

பெரியவர்கள் ஆசி சொல்லும்போது கையை வேறெங்கும் வைக்க நமக்குத் தெரியாதே. தோரோன்பெக் குமிழை விட்டான். நானும் விட்டேன். ரஷ்யரானாலும் நாற்பது வருடம் நம் ஜனங்களோடு பழகிய வலேரியும் விட்டார். ஆறு உள்ளங்கைகள் வானத்தைப் பார்த்தன. நீங்கள் எங்கள் தொண்டையை, பிள்ளைகளை, மேலாளரின் கல்லீரலை, அந்த டேப் இயந்திரத்தை என்று ஒவ்வொன்றாக வாழ்த்தி, கடைசியில் முகத்தைத் தடவி ஆசியை முடித்தபோது பாட்டும் முடிந்திருந்தது. ஒத்திகைக்காக முழுசாகத் திறந்துவைத்த உங்கள் குரல் அப்படியே பதிவாகிவிட்டது. முதல் வரிக்கு அப்புறம் ஏற்றியிருக்க வேண்டிய என் குரல் அடியிலேயே கிடந்தது.

"மறுபடி?" என்றேன். "ஆசியைத் திருப்பியா குடுப்பீங்க?" என்றார் வலேரி. ரேடியோக்காரர் வந்து டேப்பை வாங்கிப் போனார்.

நேற்றுக் காலை ஒலிபரப்பானது. சமையலறையில் நின்றபடியே நானும் என் வீட்டுக்காரி ஐனாஷும் கேட்டோம். "நல்லாத்தாங்க இருக்கு" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. என் பாட்டு, என் சொற்கள். கூர்ந்து கேட்டால் என் குரலும் உண்டு. இந்தப் பாக்கியம் உங்களால் வந்ததுதான் அக்கா, மனசார நன்றி. ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த பதிவுக்கு அந்த மலைப்பாதையில் சிரமப்பட்டு வராதீர்கள். ஆசியைத் தொலைபேசியில் சொன்னாலும் பலிக்கும்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும்.

பணிவுள்ள தம்பி,
சகின்பெக்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ரேடியோ நிலையத்திலிருந்து அழைப்பு. இன்னொரு பாட்டு வேண்டுமாம். "அந்தம்மாவை எங்கேங்க பிடிச்சீங்க? ஆமா, பின்னாடி முனகுறது யாரு?" என்று கேட்டார்கள். "அவங்க தம்பி" என்றேன். வியாழக்கிழமைக்கு ஸ்டுடியோவுக்குச் சொல்லியாயிற்று. மேலே எழுதியதை மறந்துவிட்டு உடனே புறப்பட்டு வாருங்கள் அக்கா. பாட்டு தயார். நடுவில் எனக்கு ஒரு வரி விட்டுக்கொடுத்தால் போதும்.