ஒரே தடவைதான் கேட்டார்

மதிப்பிற்குரிய டுவேன் அத்தானுக்கு,

டுலூத்திலிருந்து மைத்துனன் லோவெல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் கேரினும் குழந்தையும் சுமாராக இருக்கிறோம். நீங்களும் ரொவீனா அக்காவும் எங்களைவிடக் கொஞ்சம் நன்றாகத்தான் இருப்பீர்கள், எப்போதும் அப்படித்தானே. ஏரி பனிக்கட்டியாக உறைந்து இறுகிவிட்டதாகவும், நீங்கள் மீன்பிடிக் குடிசையை அதன்மேல் இழுத்துப் போட்டுவிட்டதாகவும் அக்கா சொன்னாள். சந்தோஷம். என்னுடைய பனி தள்ளும் இயந்திரமும் உங்கள் கொட்டகையில் சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன். அதைத் திருப்பிக் கேட்க இந்தக் கடிதம் இல்லை. எனக்கு மண்வாரி போதும். முதுகுவலி பழகிவிட்டது.

விஷயம் எங்கள் மாரிட்டைப் பற்றியது. அவள் போகிற ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தின் முதலாளி உங்களோடு அந்தக் குடிசையில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறவர் என்பதால்தான் எழுதத் துணிந்தேன். ஏழு வயதுப் பிள்ளை வீட்டுச் சோபாவை உடைப்பதற்குப் பதில் அவர்களுடைய மெத்தையில் விழட்டும் என்றுதான் சேர்த்தோம். ஆனால் அங்கே விளையாட்டு என்ற பெயரில் நடப்பது தரம் பிரிக்கிற வேலை. உருளைக்கிழங்கைச் சல்லடையில் உருட்டிப் பிரிப்பார்களே, அதேதான். கிழங்குக்கும் தெரியாது, குழந்தைக்கும் தெரியாது. தலைமைக் கோச் டீனா மார்கெட்டி, எதையும் நேராகப் பேசுகிற நியூ ஜெர்சிக்காரி, திடீரென்று ஒரு நாள் வந்து சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கம்பியில் தொங்கிக் காலைத் தூக்கச் சொல்வார்கள், காலை அகட்டி உட்காரச் சொல்வார்கள். அதெல்லாம் வெளிப்பார்வைக்கு. உண்மையில் அவர் பார்ப்பது, வரிசையில் நிற்கும்போது எந்தப் பெண் மூக்கைக் குடையாமல் நிற்கிறாள், யாரும் கவனிக்காதபோதும் எவள் கால்விரலை நீட்டி வைத்திருக்கிறாள் என்பதைத்தான். அப்புறம் தடுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்மேலும் கண்ணை ஓட்டுவார். அம்மா என்ன உயரம், அப்பனுக்கு என்ன தொப்பை. நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

பிரித்த பிறகு இரண்டு பாதை. ஒன்றில் எண்கள்: மூன்றாம் நிலை, நான்காம் நிலை என்று ஏறி மாநிலம், தேசம் என்று போட்டிக்குப் போகலாம், வாரத்தில் பாதி நாள் கூடத்திலேயே குடியிருக்க வேண்டும். மற்றதில் வெண்கலம், வெள்ளி, தங்கம். பெயர்தான் பளபளப்பு, பயிற்சி குறைவு, யார் கேட்டாலும் இடம் உண்டு. இந்த வயதில் இரண்டாவது பாதையில் விழுந்தவள் பிறகு முதலாவதற்குத் தாண்டுவது அபூர்வம் என்கிறார்கள் அங்கே காத்திருக்கும் தாய்மார்கள். என்னைத் துறைத்தலைவர் ஆக்காமல் ஓரங்கட்டிய என் கல்லூரிகூட என் தலை நரைக்கும்வரை பொறுத்திருந்தது. இவர்கள் பால்பல் விழுவதற்குள் முடித்துவிடுகிறார்கள்.

எங்களைத் தன் அறைக்குள் கூப்பிட்டார் அந்தக் கோச் அம்மாள். மாரிட் எண் பாதைக்கு ஏற்ற பிள்ளை என்றும், ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது, வேண்டுமா என்றும் கேட்டார். அத்தான், நாம் எப்படி வளர்ந்தவர்கள்? ஒருவர் வீட்டில் காப்பி கொடுத்தால்கூட முதல் தடவை வேண்டாம், இரண்டாம் தடவை உங்களுக்கு எதற்குச் சிரமம், மூன்றாம் தடவை சரி அரைக் கோப்பை. எனக்கோ வேண்டும் என்றுதான் ஆசை. வாய் அது பாட்டுக்குச் சொல்கிறது:

"ஐயோ, அவ்ளோ பெரிய இடமெல்லாம் எங்களுக்கு எதுக்குங்க. வேற யாராவது நல்ல புள்ளைக்குக் குடுங்க."

கேரினும் பக்கத்திலிருந்து, "ஆமாங்க, எங்களால உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு" என்றாள். அடுத்து அவர் "அட, சும்மா இருங்க" என்று சொல்லவேண்டிய இடம். அந்த அம்மாள் எழுந்து கையை நீட்டினார்.

"நேராச் சொன்னீங்க பாருங்க, அதுக்கு நன்றி. இந்த ஊர்ல பாதிப் பேரு இழுத்தடிப்பாங்க."

கதவையும் அவரே திறந்துவிட்டார். நாங்கள் காரை நகர்த்தாமல் குளிரில் உட்கார்ந்திருந்தோம், பின்னாலேயே ஓடிவந்து கண்ணாடியைத் தட்டுவார் என்று. யாரும் வரவில்லை. கேரின் மெதுவாக, "போன் பண்ணுவாங்களா இருக்கும்" என்றாள். போனும் வரவில்லை. அந்த இடம் யாருக்குப் போயிற்று என்று நினைக்கிறீர்கள்? அடுத்த வீட்டு க்ளென் ஸ்டோர்லியின் மகள் ஆஸ்பெனுக்கு. அவனைக் கேட்டதும் முதல் தடவையிலேயே சரி என்றானாம். அவனா சொல்லமாட்டான்? தேவாலய விருந்தில் தட்டில் கடைசித் துண்டு கேக் கிடந்தால் நாமெல்லாம் பாதி, பாதியில் பாதி என்று வெட்டிவெட்டி ஒரு நூல் அளவு மிச்சம் வைப்போம். அதை விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறவன் அவன்.

இதோடு போயிருந்தால் உங்களைத் தொந்தரவு செய்திருக்கமாட்டேன். அடுத்த வகுப்பில் பெயர் கூப்பிட்டு இரண்டு மெத்தையாகப் பிரித்தார்கள், மூலையில் இருப்பது எண் பாதைக்கு. மாரிட் தானாகவே போய் மூலை மெத்தையில் ஆஸ்பெனுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். கோச் அவள் தோளில் கை வைத்து, அன்பாகத்தான், இந்தப் பக்கத்து மெத்தைக்குக் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். கண்ணாடிக்குப் பின்னால் நான் செருப்புக் கடையில் நிற்கிறவன் மாதிரி கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.  வீட்டு வாசலுக்கு வந்தப்புறம்தான் மாரிட் கேட்டா.

"அப்பா, நான் என்ன தப்பாப் பண்ணேன்?"

நீ ஒண்ணும் தப்புப் பண்ணலைடான்னேன். "அப்புறம் ஏன்?"ன்னா. இடம் இல்லையாம்னேன். "ஆஸ்பெனுக்கு மட்டும் எப்படி இருந்துச்சு?"ன்னா. படிச்சவன், புவியியல் பாடம் நடத்துறவன், மண்வாரியை எடுத்துக்கிட்டு வாசல் பனியைத் தள்ளப் போயிட்டேன். கம்பியில தொங்கினதுலதான் தோத்துட்டோம்னு அவளாவே முடிவு பண்ணிட்டா. இப்ப ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சா, கதவு நிலையில மாட்டின கம்பியில தொங்கிக் காலைத் தூக்குறா. உள்ளங்கை கொப்புளிச்சுப்போச்சு. கேரின் மருந்து போட்டுவிட்டுட்டு அறைக்குள்ள போய் அழறா. உண்மையைச் சொல்லிடலாம்னா, 'உனக்குக் குடுத்தாங்க, அப்பாதான் வேணாம்னேன்'ன்னு எந்த வாயால சொல்றது?

கோச்சைப் போய்ப் பார்க்காமல் இல்லை. போனேன். சாலையில் பனி எப்படி இருக்கிறது என்று பேசினேன், ஏரியைப் பற்றிப் பேசினேன், ஆஸ்பென் நன்றாகச் செய்கிறாளாமே என்றுகூட ஜாடையாகப் போட்டுப் பார்த்தேன். "ஆமா, நல்லாப் பண்றா"ங்குது அந்தம்மா. இதுக்கு மேல ஒரு மனுஷன் எப்படிக் கேக்கிறது? கடைசியில் கூடத்துக்கு நிதி திரட்டும் விற்பனைக்குப் பெரிய தட்டு நிறைய எலுமிச்சைக் கேக் செய்து தருவதாக ஒப்புக்கொண்டு திரும்பினேன்.

ஆகையால் அத்தான், நீங்கள் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொல்லச் சொன்னதாகச் சொல்லவேண்டாம். மாரிட்டை அந்த மூலை மெத்தைக்கு மாற்றினால் போதும். கஷ்டமாக இருந்தால் விட்டுவிடுங்கள், பரவாயில்லை. உண்மையாகவே பரவாயில்லை. ஆனால் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் தூண்டிலில் பெரிய மீனாக விழட்டும். பனி உங்களைத் தாங்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
லோவெல்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், முதலாளியிடம் எதுவும் சொல்லவேண்டாம். உறையை ஒட்டப்போகும்போது கோச்சிடமிருந்து போன் வந்தது. எண் பாதையில் இருந்த ஒரு பெண்ணின் குடும்பம் டெக்சாஸுக்குப் போகிறதாம். "இடம் இருக்கு. வேணுமா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னாங்க. வேணும்னேன், அத்தான். முதல் தடவையே. கேரின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உடனே போய் மாரிட்டிடம் சொன்னேன். கம்பியிலிருந்து இறங்கினாள், உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். "வேணாம்பா. வேற யாராவது நல்லாப் பண்றவளுக்குக் குடுக்கச் சொல்லு"ன்னுட்டுப் பல் தேய்க்கப் போயிட்டா. நம்ம வீட்டுப் பிள்ளை, இது வெறும் 'முதல் தடவை வேண்டாம்'தான் என்கிறாள் கேரின். இன்னும் இரண்டு தடவை கேட்கவேண்டும். அந்த இரண்டுக்கும் அவள் இதையேதான் சொல்வாளோ என்று, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறேன்.