சூம் லென்சுக்கு ஒரு வக்காலத்து

தான் வாங்கிய சாமானை விட்டுக்கொடாதவர் என்று ஒரு மனித வர்க்கம் உண்டு. இவர் பெண்சாதியை விட்டுக்கொடுப்பார், மச்சானை விட்டுக்கொடுப்பார், தன் ஊர்க் கோயில் தேர் கொஞ்சம் சரிவுதான் என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ளவும் செய்வார். ஆனால் தான் ஆசைப்பட்டு, பத்துப் பேரிடம் விசாரித்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய குடை ஒழுகுகிறது என்று நீங்கள் வாய் திறந்துவிட்டால் போச்சு. மழை பெய்த விதம் பிழை என்பார். நீங்கள் குடைக்குள் நின்ற விதம் பிழை என்பார். துணியில் அப்படிச் சின்னத் துவாரங்கள் இருந்தால்தான் காற்றுக்குக் கிழியாது, செய்தவன் யோசித்துத்தான் செய்திருக்கிறான் என்பார். ஒழுகுகிறது என்று மட்டும் சொல்லமாட்டார். நனைந்துகொண்டே சொல்லமாட்டார்.

இந்த வர்க்கத்தில் நன்றாக முற்றின ஒருவரைப் பார்க்கவேண்டுமென்றால் அறுபதுகளின் தொடக்கத்தில் முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறி உடையார்கட்டுப் பக்கம் இறங்கியிருக்கவேண்டும். அங்கே அரசாங்க மருந்துச்சாலையில் நோய் பார்த்து மருந்து கலக்கிக் கொடுக்கும் தில்லைநாதன் என்றொரு அப்போதிக்கரி இருந்தார். பொய் பேசுகிற மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். "இந்த மருந்து உமக்குக் கேளாது, வவுனியாவுக்குப் போம்" என்று நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்லுவார். "சுருட்டை விடும், இல்லாட்டி நெஞ்சு உம்மை விடும்" என்பார். தான் கலக்கிக் கொடுத்த மருந்தையே நம்பாத அளவுக்கு நேர்மையானவர்.

அவரிடம் ஒரு கமரா இருந்தது. அதோடு கூடப் பிறந்த சின்ன லென்ஸ் ஒன்றும் இருந்தது. அந்த லென்ஸால் அவர் எடுத்துக்கொடுத்த சோறூட்டல் படங்களும் கலியாணப் படங்களும் காடு வெட்டிச் சனங்களைக் குடியேற்றிய அந்தக் குடியேற்றத் திட்டத்தில் பாதி வீடுகளின் சுவரில் தொங்கின. பிள்ளையின் கன்னத்தில் ஒட்டியிருக்கும் பருக்கையைக்கூடப் படத்தில் காணலாம். யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

குறையில்லாத இடத்தில் மனிதன் சும்மா இருப்பானா?

ஒரு நாள் ஏதோ வெளிநாட்டுச் சஞ்சிகையில் அவர் அந்த விளம்பரத்தைக் கண்டார். சூம் லென்ஸ். நின்ற இடத்தில் நின்றபடி, ஒரு வளையத்தை இழுத்தால், தூரத்தில் நிற்கிற கொக்கு மூக்குக்கு முன்னால் வந்து நிற்குமாம். அன்றிலிருந்து தில்லைநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியின் தம்பி இளையதம்பி சிங்கப்பூரில் இருந்தான். அவனுக்குச் சொல்லி, அவன் தேடி, அது கப்பல் ஏறி, துறைமுகத்தில் கிடந்து, கடைசியில் இளையதம்பியின் பழைய பெனியன் ஒன்றில் சுற்றப்பட்டு உடையார்கட்டுக்கு வந்து சேர்ந்தது. உலக்கையில் பாதி நீளம். கமராவில் பூட்டினால் கமரா தலைகுப்புறக் கவிழ்ந்தது. மருந்துக்கு வந்து வரிசையில் நின்ற சனங்கள் அதற்கு உடனேயே பெயரும் வைத்துவிட்டார்கள்: பீரங்கி.

பீரங்கியின் முதல் பயணம் கொக்கிளாய்க் களப்புக்கு, பறவைகள் வந்திறங்கும் கடலேரிக்கு. நாள் முழுக்க வெயிலில் நின்று, பறவை பறவையாகச் சுட்டுத்தள்ளி, மறுநாளே ஃபிலிமைக் கொண்டுபோய் வவுனியாவில் ஸ்ரூடியோ வைத்திருந்த நஜீமிடம் கொடுத்தார். நஜீம் கழுவி எடுத்துக்கொண்டு வந்து, படங்களை மேசையில் பரப்பிவிட்டு, ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ஐயா, அண்டைக்குக் களப்பில நல்ல பனியோ?"

"பனியோ? நெருப்பு வெயில்!"

"அப்ப இந்தப் புகை?"

தில்லைநாதன் பார்த்தார். தண்ணீர் இருந்தது, வானம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் வெள்ளை வெள்ளையாக, பஞ்சு மூட்டை அவிழ்ந்ததுபோல ஏதோ இருந்தது. அவை பறவைகள்தான் என்று சத்தியம் செய்ய அவர் ஒருவரால்தான் முடியும். அவருடைய நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று 'டக்' என்றது. இந்த வர்க்கத்தார் எல்லாருக்கும் அந்த 'டக்' கேட்கும். கேளாததுபோல இருப்பதில்தான் அவர்களுடைய திறமை இருக்கிறது.

"நஜீம், உம்மட மருந்துத் தண்ணி பழசு."

"நேத்துக் கலக்கினது ஐயா."

"அப்ப ஃபிலிம் பழசு."

"அது நீங்கள் கொழும்பில இருந்து எடுப்பிச்ச ஃபிலிம்."

"கொழும்பிலதான் கனக்கப் பழசு விக்கிறாங்கள்" என்று முடித்துவிட்டு அவர் பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் பிழை படாதவர் யாரும் மிஞ்சவில்லை. வன்னி வெயிலின் கானல் பிழைபட்டது. சோளகக் காற்று பிழைபட்டது. படம் எடுக்கும்போது மூச்சு விட்ட குற்றத்துக்காக மருந்துச்சாலை வேலையாள் ஏரம்பு பிழைபட்டான். ஒரு மாடு வாலை ஆட்டியதால் பிழைபட்டது. மாடு என்றால் வாலை ஆட்டாதா? ஆட்டும். ஆனால் படம் எடுக்கிறார்கள் என்று கண்டால் ஆட்டாமல் நிற்கவேண்டாமா?

பிறகு ஒரு நாள், முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்த மனைவி கமலாசனியை அவர் வேலியோரத்தில் நின்று பீரங்கியால் இழுத்துப் பிடித்தார். படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, விறாந்தையில் மாட்டினார். கமலாசனி குசினிக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"இது ஆர்?"

"நீர்தான்."

"நான் எப்ப செத்தனான்?"

"உமக்கு விளங்காது. இதுக்குப் பேர் மென்மை. வெளிநாட்டில பெரிய பெரிய ஆக்கள் லென்சில வாசலீனைப் பூசிப்போட்டு இப்பிடி எடுக்கிறாங்கள். எங்கட லென்ஸ் வாசலீன் இல்லாமலே எடுக்குது!"

பார்த்தீர்களா? இதுதான் இந்த வர்க்கத்தாரின் கடைசி மேடு. குறையை மறைப்பது முதற் படி. குறைக்குப் பிறரைக் குற்றம் சொல்வது இரண்டாம் படி. குறையையே விசேஷம் என்று சொல்லத் தொடங்கிவிட்டால் பிறகு அவரை இறக்க ஏணி கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கதிரையில் இருக்க முன்னரே அந்தப் படத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். "நல்ல குளிர்ச்சியா இருக்கு" என்றார் ஒருவர். "கோயில் படம் மாதிரி" என்றார் இன்னொருவர். மருந்து வாங்க வந்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

இதெல்லாம் விறாந்தையோடு நின்றிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அந்த வருஷம் ஐப்பசி பிறக்கும்போது ஊரின் சின்னக் குளத்துக் கட்டில், அந்த மண் அணையில், வெடிப்பொன்று கண்டது.

கட்டுக்குக் கீழே வயல். வயலுக்கு நடுவில் வீடுகள். குளம் உடைந்தால் முதலில் போவது வயல் செய்கிற கமக்காரரின் சங்கச் செயலாளர் அப்புத்துரையின் வீடு. யாழ்ப்பாணத்தில் துண்டுக் காணியும் இல்லாமல் வந்து, காடு வெட்டி, பாம்போடு படுத்தெழும்பி அவர் கட்டிய வீடு அது. வவுனியாவில் இதற்குப் பொறுப்பான கந்தோருக்கு அவர் பலமுறை நடந்துவிட்டார். அங்கிருந்த அதிகாரியும் கெட்டவரல்லர். "எல்லாக் குளத்துக்காரரும் உடையப்போகுது எண்டுதான் வருகினம். நான் எதையெண்டு முதல் பாக்கிறது? ஒரு படமெண்டாலும் கொண்டாருமன்" என்று சொல்லி அனுப்பினார்.

படம் என்றால் ஊரில் ஒரே ஒரு கமராதான். அப்புத்துரை வந்து கேட்டதும் தில்லைநாதன் அரைக்கைச் சட்டையைக் கழற்றி முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டார். பீரங்கிக்குக் கடைசியில் ஒரு பொதுக்காரியம் கிடைத்துவிட்டதல்லவா?

குளத்தடிக்குப் போய், கட்டின் ஒரு அந்தத்தில் மருதமர நிழலில் அவர் நின்றுகொண்டார். வெடிப்பு மற்ற அந்தத்தில் இருந்தது.

"ஐயா, நடந்தால் கிட்டத்தானே. பக்கத்தில போய் எடுப்பமே" என்றார் அப்புத்துரை.

"நடக்கிறதெண்டால் பிறகேன் அப்புத்துரை சூம்?"

வளையம் இழுபட்டது. படம் எடுபட்டது. நஜீம் கழுவிக் கொடுத்ததை அப்புத்துரை உறையோடு எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனார். திரும்பி வந்தவர் நேரே மருந்துச்சாலைக்குத்தான் வந்தார். நோயாளிகள் குந்தும் வாங்கில் இருந்தார். தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னவாம்?" என்றார் தில்லைநாதன்.

"அந்த ஐயா படத்தை வாங்கிப் பாத்தார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டுத் திரும்பப் பாத்தார். 'என்ன வடிவான குளக்கட்டு! மெழுகிவிட்ட மாதிரிக் கிடக்கு. இப்பிடி ஒரு கட்டை வைச்சுக்கொண்டு நீங்கள் முறைப்பாடு செய்யலாமோ' எண்டார். வெடிப்பு இஞ்சை கிடக்கு எண்டு நான் விரலை வைச்சுக் காட்டினன். நகத்தை எடுங்கோ, படம் ஊத்தையாப் போடும் எண்டார். பிறகு படத்தைத் திருப்பித் தரவும் இல்லை. தன்ர மேசைக் கண்ணாடிக்குக் கீழ வைச்சிட்டார்."

"மேசைக் கண்ணாடிக்குக் கீழேயோ?"

அந்தக் கேள்வியில் ஒரு சந்தோஷம் இருந்தது. ஒளிக்கமுடியாத சந்தோஷம். கந்தோரில், அதிகாரியின் மேசையில், பீரங்கியின் படம்! தில்லைநாதனின் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடு அவர் அப்புத்துரையைப் பார்த்தார். அப்புத்துரை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லது.

"ஐயா, என்ர மனிசி சட்டிபானையைச் சாக்கில கட்டத் தொடங்கீட்டா" என்று மெல்லச் சொன்னார். "பிள்ளையளைக் கொண்டு பள்ளிக்கூடத்தில போய் இருப்பம் எண்டுறா. நான் என்ன சொல்ல?"

அவர் எழும்பிப் போன பிறகும் தில்லைநாதன் அந்த வாங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே, கிழக்கில், கடற்பக்கமாகக் கருக்கல் கட்டிக்கொண்டிருந்தது. இந்த முறை நெஞ்சுக்குள் 'டக்' என்று கேட்கவில்லை. யாரோ கதவை உலுப்புவதுபோல இருந்தது.

அடுத்த நாட்காலை அவர் அலுமாரியின் அடித்தட்டைக் கிளறிக்கொண்டிருப்பதைக் கமலாசனி கண்டார். கையில் பழைய சின்ன லென்ஸ். கமலாசனி சேலையை மாற்றிக்கொண்டு வந்து சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டார்.

குளக்கட்டில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. தில்லைநாதன் மருதமரத்தைத் திரும்பியும் பாராமல் கட்டு நெடுக நடந்து, வெடிப்புக்குப் பக்கத்தில் நின்று, சின்ன லென்ஸைக் கமராவில் பூட்டினார். பூட்டிவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"சூம் லென்சுக்கு இண்டைக்கு வெளிச்சம் காணாது."

கமலாசனி வெயிலுக்குக் கையை நெற்றியில் பிடித்தபடி வானத்தை ஒருமுறை பார்த்தார்.

"ஓம். காணாதுதான்" என்றார்.

எத்தனை வருஷக் குடித்தனம் இருந்தால் ஒரு பெண் அந்தச் சொல்லை அப்படிச் சொல்லமுடியும்!

வெடிப்பின் ஆழம் படத்தில் தெரியவேண்டும் என்பதற்காக அப்போதிக்கரி குளக்கட்டின் மேல் குப்புறப் படுத்து, கையைத் தோள்மூட்டு வரைக்கும் அதற்குள் விட்டார். கமலாசனிதான் படம் எடுத்தார். "அசையாதேங்கோ" என்றார். "பாம்பு கீம்பு கிடக்கப்போகுது, கெதியா எடும்" என்றார் அவர்.

நஜீம் கழுவிய படத்தில் எல்லாம் விழுந்திருந்தது. வெடிப்பின் விளிம்பில் உதிர்ந்து நின்ற மண்கட்டி, கசிந்த ஈரம், முழுக்கைச் சட்டையின் அறுந்த பொத்தான், பாம்புக்குப் பயந்த ஒரு அரசாங்க உத்தியோகத்தரின் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும்.

"ஐயா, இது எந்த லென்ஸ்?" என்றான் நஜீம்.

தில்லைநாதன் படத்தை உறைக்குள் போட்டார். "இந்த முறை நீர் கழுவினது நல்லாயிருக்கு" என்றார்.

அந்தப் படத்தை அவர் தானே கந்தோருக்குக் கொண்டுபோனார். அதிகாரி படத்தையும் பார்த்தார், படத்தில் கிடந்தவர் முன்னால் நிற்பதையும் பார்த்தார். மறுநாளே ஜீப் வந்தது. பின்னால் லொறியில் களிமண்ணோடும் கல்லோடும் ஆட்கள் வந்தார்கள். கடைசி மண்ணை மிதித்து இறுக்கிக்கொண்டிருக்கும்போதே மாரி இறங்கியது. அந்த வருஷம் குளம் நிரம்பி, மிஞ்சின தண்ணீர் வான் பாய்ந்தது, கட்டு அசையவில்லை. அப்புத்துரையின் மனைவி சாக்கை அவிழ்த்துச் சட்டிகளை அடுப்படியில் வைத்து, முதல் வேலையாக அப்போதிக்கரி வீட்டுக்குப் பாற்புக்கை பொங்கிக் கொடுத்தனுப்பினார்.

மனிதர் திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? கமக்காரர் சங்கம் நன்றி சொல்லக் கூட்டம் வைத்தது. மாலையோடு எழுந்த தில்லைநாதன் பேசினார்: "எல்லாரும் இரண்டாம் படத்தைத்தான் கதைக்கிறியள். முதற் படம் அந்த மென்மையில கந்தோர் ஐயாவின்ர மனதைத் தொட்டிருக்காட்டி, இரண்டாம் படத்தை அவர் கையால தொட்டிருப்பாரோ?" சனங்கள் கைதட்டினார்கள். அப்புத்துரை எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். பீரங்கி முன்வரிசையில் தனிக் கதிரையில் இருந்தது.

ஆனால் அதற்குப் பிறகு ஒரு விஷயம் நடந்தது. கலியாணம், சோறூட்டல், செத்தவீடு என்று திரும்ப எடுக்கமுடியாத படம் எதுவாக இருந்தாலும், அன்றைக்கென்று பார்த்து உடையார்கட்டில் சூம் லென்சுக்கு வெளிச்சம் காணாமற் போய்விடும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் நீங்கள் வாங்கிப்போட்ட அந்தப் புதுச் சாய்கதிரையில் இருந்தால் முதுகு முறிகிறதாமே? உங்கள் வீட்டார்தான் சொன்னார்கள். முதுகை நேராக்குவதற்கென்றே அதை அப்படிச் செய்திருக்கிறான் என்று வருகிறவர்களுக்கு எல்லாம் விளக்கம் கொடுக்கிறீர்களாமே? இல்லையில்லை, நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அருமையான கதிரை. நீங்களே இருங்கள், எங்களுக்கு நிற்கிறதுதான் சுகம்.