வாசலில் முளைத்த முளை

"இந்த வீட்டு எல்லைக்குள்ள என்னைக் கேக்காம ஒரு புல்லு கூட அசையக் கூடாது!"

காலைச் சாப்பாட்டின்போது நான் இப்படி அறிவித்தேன். என் மனைவி மார்லிஸ் அசையவில்லை. அவள் புல் அல்ல. தட்டில் இன்னொரு பான்கேக்கை வைத்துவிட்டு, "எல்லை எதுன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டாள்.

தெரியாதா பின்னே, என்று ஜன்னலைத் திறந்தேன். சாலையோரம் நெடுகிலும் மரக்குச்சி முளைகள் முளைத்திருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ரோஸ் ரிப்பன். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வரிசையில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி காற்றில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன.

நான் ஆர்விட் லண்ட்குவிஸ்ட். மின்னசோட்டாவின் மண் ரோடுகளில் ஆயுள் முழுக்கப் பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். சாலையோரம் நிற்கும் எதையும் எனக்குப் படிக்கத் தெரியும். குறைந்தபட்சம், தெரியும் என்று சொல்லத் தெரியும். கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன். மார்லிஸ் காபிக் கோப்பையோடு பின்னாலேயே வந்தாள்.

"இது சர்வே முளை. ரோஸ்னா சர்வேயர். சிவப்புன்னா கரண்ட், மஞ்சள்னா காஸ், நீலம்னா தண்ணி."

"அப்படியா! குச்சியில என்னமோ எழுதியிருக்கே?"

"எஃப்-னு போட்டா மண்ணு நிரப்பணும். சி-ன்னு போட்டா வெட்டணும். பக்கத்துல இருக்கற நம்பர் எத்தனை அடின்னு சொல்லும்."

"சி போட்டு ஆறுன்னு இருந்தா?"

"ஆறடிப் பள்ளம்."

"அடேயப்பா. உனக்கு எவ்வளவு தெரிஞ்சிருக்கு, ஆர்விட்!"

எங்கள் கல்யாணத்தில் பாதிரியார் பேசியபோதுகூட அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். எங்கே! பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன்.

மிதப்பு சீக்கிரமே இறங்கியது. ஒரு முளையின் பின்னால் குனிந்து நின்று, ஒற்றைக் கண்ணை மூடி, அடுத்த முளையைப் பார்த்தேன். கோடு நேராகப் போய் என் பட்டறையின் வயிற்றில் பாய்ந்தது.

ஒவ்வொரு பலகையையும் நானே அறுத்து, நானே அடித்துக் கட்டிய பட்டறை அது. ஏரிக்கரையில் இருக்கிற எல்லாருடைய படகு மோட்டாரும் அங்கேதான் உயிர் பெறும். பஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று, இனி காலையில் எழுந்து என்ன செய்வது என்று திகைத்து நின்றவனுக்கு, போக ஒரு இடம் என்று இருந்தது அது ஒன்றுதான். ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று மாவட்டத்தை ஆளுகிற கவுண்டிக்காரன் அதை இடித்தால் நான் எங்கே போவேன்?

"பிடுங்கி எறியறேன் எல்லாத்தையும்!"

"தொடாத!" மார்லிஸ் என் கையைப் பிடித்தாள். "சர்வே முளையப் பிடுங்கினா குத்தம். ஷெரிஃப் வந்து கூட்டிட்டுப் போனா ஜெயிலுக்கு நான் சாப்பாடு எடுத்துட்டு வர மாட்டேன்."

பக்கத்துப் பண்ணை கோர்டி ஹாகன், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தான். ஆறுதல் சொல்வதில் அவன் மன்னன்.

"உன் பட்டறை போச்சுய்யா, ஆர்விட். நல்லா இருந்துச்சு. உள்ள இருக்கற சுத்தியல எனக்குக் கொடுத்துரு."

நான் கோபத்தோடு டவுனுக்கு வண்டியை விட்டேன். காபிக் கடையில் ஆதரவு திரட்டுவது என் திட்டம். சர்க்கரை போடாத காபி திரண்டது. ஆதரவு திரளவில்லை.

மத்தியானம் திரும்பி வந்தால், வாசலின் இன்னொரு மூலையில் புதிதாக ஒரு முளை. அதிலும் ரோஸ் ரிப்பன். எழுத்து கொட்டை கொட்டையாக இருந்தது. சி. ஆறு.

அந்த மூலையில்தான் என் பொக்கிஷங்கள் இருந்தன. உறைந்த ஏரிமேல் இழுத்துப் போய் உள்ளே உட்கார்ந்து மீன் பிடிக்கும் தகரக் கூண்டு, தரை மட்டும் உளுத்துப்போனது. அதற்கு முட்டுக் கொடுத்தபடி, ஒரு பனிக்காலத்தில் இன்ஜின் கண்ணை மூடி மறுபடி திறக்காத பனிவண்டி. சக்கரமில்லாத படகு டிரெய்லர். இரும்பு அடுப்பு. எல்லாவற்றையும் 'ஒருநாள் சரி பண்ணுவேன்' என்று வைத்திருந்தேன். எடுத்துத் தொலை என்று மார்லிஸ் சொல்லாத நாளில்லை. முடியாது என்று நான் சொல்லாத நாளும் இல்லை.

"மார்லிஸ்! ஆறடி வெட்டப் போறான்! எல்லாம் குழிக்குள்ள போயிரும்!"

"ஐயோ பாவமே," என்றாள் அவள், குரலில் ஒரு சொட்டு ஐயோவும் இல்லாமல். "கோர்டியோட டிராக்டர வேணா கேட்டுப் பாரேன்?"

கோர்டி வந்தான். இரண்டு நாள் இழுத்தோம், தள்ளினோம், ஒருவரையொருவர் திட்டினோம். மீன் கூண்டு அவன் கொட்டகைக்குப் பின்னால் போயிற்று. மீதியைப் பழைய இரும்புக்காரன் அள்ளிக்கொண்டு போனான். மார்லிஸ் சுடச்சுட, புளிப்பு ரூபார்ப் தண்டு போட்ட கேக் செய்து தட்டு தட்டாகக் கொண்டுவந்தாள். 'கஷ்ட காலத்தில்தான் ஒரு மனைவியின் அருமை தெரிகிறது' என்று நான் கோர்டியிடம் சொன்னேன். அவன் வாய் நிறையக் கேக்கோடு தலையைத் திருப்பிக்கொண்டு தோளைக் குலுக்கினான். இருமுகிறான் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை சர்வேயர் வந்தாள். ரெனாட்டா குபிச்செக் என்று பெயர், ஆரஞ்சுச் சட்டை. கையில் இரும்பைக் கண்டுபிடிக்கும் கருவி. நேராகக் காலியாகிவிட்ட மூலைக்குப் போனாள். கருவி பூனை மாதிரி கத்தியது. மண்வெட்டியால் கொஞ்சம் தோண்டியதும் துருப்பிடித்த ஒரு இரும்புக் குழாயின் தலை தெரிந்தது.

"கிடைச்சிருச்சு!" என்றாள். "இதுதான் சார் உங்க நிலத்தோட மூலை. பழைய எல்லைக் குழாய். இது கிடைக்காததால அந்தப் பக்கத்துல இருந்து உத்தேசமா அளந்து முளை அடிச்சிருந்தேன். இப்பப் பாருங்க."

அளந்தாள். அளவுக் கருவி நின்ற முக்காலியை நகர்த்தினாள். மறுபடி அளந்தாள். பட்டறையைக் குத்திக்கொண்டிருந்த முளைகளைத் தானே பிடுங்கி, ரோட்டுப் பக்கமாகத் தள்ளி அடித்தாள். என் பட்டறைக்கும் முளைகளுக்கும் நடுவே இப்போது ஒரு பள்ளி பஸ்ஸை நிறுத்தலாம்.

எங்கள் ஊர் ஆம்பளைகள் அழ மாட்டோம். மூக்கைச் சிந்துவோம். நான் நன்றாகச் சிந்தினேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்.

"அப்ப இந்த ஆறடிப் பள்ளம்? அது எப்ப வெட்டப் போறீங்க?"

ரெனாட்டா அந்த முளையைப் பார்த்தாள். அப்புறம் மார்லிஸைப் பார்த்தாள்.

"அது... எங்க முளை இல்லை, சார்."

குனிந்து பார்த்தேன். குச்சியின் இடுக்கில் போன வருஷத்துத் தக்காளிக் கொடி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"மார்லிஸ்!"

"ரிப்பன் மட்டும்தான் அந்தப் பொண்ணு கொடுத்தது," என்றாள் என் மனைவி. "குச்சி என்னோடது."

"சி-ன்னா?"

"சீ! அவ்வளவுதான். ஜன்னலத் திறந்து அந்தக் குப்பையப் பாக்கறப்ப எல்லாம் என் வாயில வர்ற வார்த்தை."

"ஆறு?"

"ஆறு வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் கோர்டி மறுபடி இருமினான். இந்தத் தடவை சத்தமாக.

பிறகுதான் விஷயம் வந்தது. நான் காபிக் கடையில் முழங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ரெனாட்டா கதவைத் தட்டியிருக்கிறாள். எல்லைக் குழாய் அந்த மூலையில் எங்கேயோ இருக்கிறது, ஆனால் மேலே கிடக்கிற இரும்பால் கருவி எல்லா இடத்திலும் கத்துகிறது, அதையெல்லாம் எடுத்தால் பட்டறை தப்பலாம் என்று சொல்லியிருக்கிறாள்.

"அதை என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

யோசித்தேன். பொய் சொல்ல முடியவில்லை. "கவுண்டியோட சூழ்ச்சி, ஒரு ஆணியக்கூட எடுக்க மாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

"அந்தப் பிடிவாதத்துல பட்டறை போயிருக்கும். அப்புறம் நீ நாள் முழுக்க சமையலறையில உக்காந்து எனக்கு வெங்காயம் நறுக்கக் கத்துக் கொடுப்ப. எனக்கு அது தேவையா?"

சொல்லிவிட்டு என் கோட்டில் ஒட்டியிருந்த துருவைத் தட்டிவிட்டாள். தட்டிய கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. எனக்காக அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று சாயங்காலம் பட்டறைக் கதவைத் திறந்து, மோட்டார் எண்ணெய் வாசனையை நெஞ்சு நிறைய இழுத்தேன். திரும்பி, வாசற்படியில் நின்றவளிடம் மனசாரச் சொன்னேன்.

"உன்னாலதான் இது நிக்குது. நீ இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேன்? இந்தப் பட்டறையில பாதி உன்னோடது, மார்லிஸ்."

நன்றியில் நெகிழ்ந்தவன் சொல்கிற அலங்கார வார்த்தை அது. யாரும் அதை அளந்து பார்க்க மாட்டார்கள்.

மார்லிஸ் அளந்தாள். மிச்சமிருந்த ரோஸ் ரிப்பனைப் பட்டறைக்குக் குறுக்கே கட்டினாள். மறுநாள் அவளுடைய அம்மாவின் ஜமுக்காளத் தறி, மாடியிலிருந்து நானும் கோர்டியும் இறக்கிக் கொண்டுவர, அவள் பாதிக்குள் குடியேறியது. இப்போது அவள் நெய்கிறாள், நான் மோட்டாரைப் பிரிக்கிறேன், தறிச் சத்தத்தோடு அவள் மெல்ல முணுமுணுக்கும் பாட்டும் கேட்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

என் பாதியில் ஒரே ஒரு நாற்காலி போடலாம். அதில் உட்கார்ந்தால் கதவு திறக்காது.