மாவுக்கு நின்ற கொம்பியூட்டர்

போரில் மின்சாரமே இல்லாமல்போன யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் ஓட்டிக் காட்டிய ஒரே மனிதர் புளொப்பி அண்ணைதான். கொழும்பில் மூன்று மாதம் படித்துவிட்டு, ஒரு புளொப்பித் தட்டோடு ஊர் திரும்பியிருந்தார். அதைப் போட்டுப் பார்க்க இங்கே கொம்பியூட்டரும் இல்லை, கரண்டும் இல்லை. இருந்தாலும் சட்டைப் பையில் அதை வைத்துக்கொண்டுதான் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு வேலைக்கு வருவார். வெயிலோ மழையோ படக்கூடாது என்று அதற்கு மட்டும் குடை பிடிப்பார். தலை நனைந்தாலும் பரவாயில்லை.

அப்போது நான் அங்கே கணக்கெழுதும் லிகிதர். ஒரு காலை மனேச்சர் தலையில் கைவைத்தபடி வந்தார். நிவாரணம் எடுக்கும் அறுபது குடும்பங்களின் பெயர்களும் அகரவரிசையில் இருக்கவேண்டும். மூன்று மணிக்கு மேலதிகாரி வருவார். பட்டியல் சரியில்லையென்றால் அடுத்த மாத மா கிடையாது.

"தங்கச்சி, நீர் எழுதவேண்டாம். சனம் தானாய் அடுக்குப்படும்" என்றார் புளொப்பி அண்ணை.

வெண்கட்டி எடுத்து முற்றத்துச் சீமெந்தில் பெட்டி பெட்டியாகக் கீறினார். பெட்டிகளை அம்புக்குறிகளால் இணைத்தார். மா வாங்க வந்தவர்களை ஆளுக்கொரு பெட்டியில் நிறுத்தினார்.

"நான் சைக்கிள் மணி அடிக்க, முன்னுக்கு நிக்கிறவரின்ரை பேரைக் கேளுங்கோ. உங்கடை பேர் முந்தினதெண்டால் இடம் மாறுங்கோ. அவ்வளவுதான் புரோகிராம்."

மணி அடித்தது. முன்வரிசையில் நின்ற வைத்திலிங்கத்தார் ஒரு பெட்டி பின்னுக்குப் போனார். மறுபடி மணி. இன்னும் ஒன்று. முன்னுக்கு நின்றால் மா முந்திக் கிடைக்கும் என்று விடியமுதல் வந்து இடம்பிடித்த மனிதர். நாலாவது மணிக்கு அசையமாட்டேன் என்று நின்றுவிட்டார்.

"தம்பி, வீட்டிலை என்னை அப்பு எண்டுதான் கூப்பிடுறவை."

அவ்வளவுதான், நோய் தொற்றியது. வள்ளிப்பிள்ளை அன்னமானார். யோகம்மா அக்கா ஆனார். செல்லத்துரை, தன்னை நாய்கூட 'அ' என்றுதான் அழைக்கும் என்று சாதித்தார். பத்து நிமிடத்தில் அறுபது குடும்பத்துக்கும் 'அ'வில் பெயர்.

மனேச்சர் மறுபடியும் தலையில் கைவைத்தார். புளொப்பி அண்ணை மட்டும் ரசித்துச் சிரித்தார். "புரோகிராமிலை பிழை இல்லை. டேற்றா பொய் சொல்லுது" என்றார்.

பிறகு வரிசையின் இரண்டு முனைகளிலும் கேள்விக்குறி கீறினார். "மா தலைப்பக்கமிருந்தோ வால்ப்பக்கமிருந்தோ எண்டு கடைசியிலைதான் சொல்லுவன்."

எந்தப் பக்கம் லாபம் என்று தெரியாதபோது பொய் சொல்லி என்ன பயன்? வைத்திலிங்கத்தார் முனகிக்கொண்டே வைத்திலிங்கமானார். மணி அடிக்க அடிக்க ஆட்கள் நகர்ந்தார்கள், கால் மிதித்தார்கள், சிரித்தார்கள். பின்னர் ஒரு மணியடிப்பில் யாருமே அசையவில்லை.

"முடிஞ்சுது" என்றார் அவர். வரிசை வழியே நடந்து நான் பெயர்களை எழுதினேன். மேலதிகாரி மூன்று பெயர்களைத் தேடினார். மூன்றும் உரிய இடத்தில் இருந்தன. கையெழுத்திட்டார்.

வால்ப்பக்கமிருந்து மா கொடுத்து முடிந்தபோதுதான் கவனித்தேன். "அண்ணை, உங்கடை நிவாரணக் காட் பட்டியலிலை இல்லையே."

"நான் மணி அடிச்சனான் தங்கச்சி. வரிசையிலை நிக்கேல்லை."

சாக்கு வெறுமையாக இருந்தது. வைத்திலிங்கத்தார் தன் பையிலிருந்து ஒரு சுண்டு மாவை அளந்து அவர் பையில் கொட்டினார். மற்றவர்களும் வந்தார்கள்.

அடுத்த மாதப் பட்டியலில் 'அ'வுக்கும் முன்னால், முதலாவதாக, அவருடைய பெயரை எழுதினேன். அகரவரிசை பிழை என்று அண்ணையே சிவப்பு மையால் வட்டமிட்டுத் தந்தார்.

நான் அங்கே வேலைசெய்த காலம் முழுவதும் அதைத் திருத்தவே இல்லை.