காணாமற்போகாத துப்பாக்கி

2006ஆம் ஆண்டு ஏப்ரல் பத்தாம் நாள், காலை மணி பதினொன்று ஏழு. வானத்தில் மேகம் ஒன்றுகூட இல்லை, ஜி.எஸ்.டி. சாலையின் தார் செருப்பைப் பிடித்து இழுத்தது. தேர்தலை முன்னிட்டு, உரிமம் பெற்ற துப்பாக்கிகள் அனைத்தையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற ஆணைக்குப் பணிந்து, வண்டலூர் ஜெயக்கொடி அம்மாள் தாம்பரத்து ஆயுத உரிமப் பிரிவுக்குள் நுழைந்தார். ஒப்படைக்க அவரிடம் துப்பாக்கி இல்லை என்பது மட்டுமே சிறு குறை.

மாமனார் காலத்தில் காட்டுப்பன்றி விரட்ட வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. வயல்கள் மனைகளாகி, பன்றிகளின் இடத்தில் புரோக்கர்கள் மேயத் தொடங்கினார்கள். அவர்களை விரட்ட உரிமத்தில் இடமில்லை. ஆகவே ஐந்தாண்டுக்கு முன், முறையான உரிமம் வைத்திருந்த சிட்லபாக்கம் ஐசக்குக்கு அதை விற்றுவிட்டார். விற்பதற்கு நாற்பத்தைந்து நாள் முன்பே பதிவுத் தபாலில் அறிவிப்பும் அனுப்பினார். அலுவலகம் முத்திரை குத்தித் திருப்பிய ஒப்புகை அட்டை இப்போது அவர் கையில் இருந்தது.

எழுத்தர் சாம்பசிவன் அட்டையை இருபுறமும் படித்தார்.

"கடிதம் வந்திருக்கிறது. பரிசீலனையில் இருக்கிறது."

"அஞ்சு வருஷமாவா சார்?"

"ஆயுத விஷயம் அம்மா. அவசரப்படக் கூடாது."

"துப்பாக்கி ஐசக் சார்கிட்ட இருந்திச்சு. முந்தாநாளே ஸ்டேஷன்ல குடுத்து ரசீது வாங்கிட்டாரு. எனக்கு ஒதவும்னு நேத்து அவரே வூட்டுக்கு வந்து ஜெராக்ஸ் குடுத்தாரு. பாருங்க, அதே நம்பரு."

"அது வாங்குபவர் பதிவேடு. நான் விற்பவர் பதிவேடு. வாங்குபவர் பதிவேடு இருக்கும் பீரோவின் சாவி தேர்தல் பணிக்குப் போயிருக்கிறது. என் பதிவேட்டின்படி துப்பாக்கி உங்கள் வீட்டில்தான் இருக்கிறது."

"வந்து தேடிப் பாருங்களேன்!"

"தேடிக் கிடைக்காவிட்டால் உங்களுக்குத்தான் ஆபத்து. மாலை ஐந்துக்குள் ஒப்படைக்காவிட்டால் வழக்கு, கைது."

ஜெயக்கொடி விரல்விட்டு நாள் எண்ணினார். வைகாசியில் மகள் சரிதாவுக்குக் கல்யாணம்.

சாம்பசிவன் இரங்கினார். "துப்பாக்கியைக் காணவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். பதிவேடு நேராகிவிடும்."

"காணாமப் போவலியே சார்?"

"படிவத்தில் இரண்டே கட்டம்தான். இருக்கிறது, காணவில்லை. உங்களிடம் இருக்கிறதா?"

"இல்ல."

"பிறகென்ன?"

"ஐசக் சாருக்கு எதுனா பேஜார் ஆவுமா?"

"அவர் பெயரே இதில் வராது அம்மா."

ஜெயக்கொடி அதை நம்பினார். நம்புவது வசதியாகவும் இருந்தது. கையெழுத்திட்டார்.

அதன்பின் அரசு இயந்திரம் தன் ஆற்றலைக் காட்டியது. ஐந்தாண்டாக ஒரு கடிதத்தைக் கண்டுகொள்ளாத அது, காணாமற்போன துப்பாக்கியை மூன்றே மணி நேரத்தில் கண்டுபிடித்தது. காவல் நிலைய அலமாரியிலேயே அது சாய்ந்து நின்றது. பக்கத்திலிருந்த நோட்டில் ஒப்படைத்தவரின் பெயர், முகவரி, கையொப்பம். திருடர்கள் இவ்வளவு ஒத்துழைப்பது அரிது என்று ஆய்வாளர் தயாளன் வியந்தார்.

மறுநாள் காலை சாம்பசிவன் பாராட்டுக் குறிப்பைத் தட்டச்சு செய்து, அதில் தம் பெயரையும் சேர்த்துக்கொண்டார். தயாளன் துப்பாக்கியுடன் புகைப்படத்துக்கு நின்றார். ஐசக் நிலையத்து பெஞ்சில் அமர்ந்து, "ரசீது இருக்கு சார்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் நீட்டினார். அந்த ரசீதுதான் அவருக்கு எதிரான முதல் சாட்சியம். ஜெயக்கொடி ஒரு மேசையில், மீட்கப்பட்ட தம் உடைமையைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டார். அடுத்த மேசையில், தேர்தலை முன்னிட்டு அதை ஒப்படைத்ததாகக் கையெழுத்திட்டார். பிறகு பெஞ்சு இருந்த பக்கம் திரும்பாமல் வெளியே வந்து, பையிலிருந்த கல்யாணப் பத்திரிகைக் கட்டைப் பிரித்து, ஐசக் குடும்பத்தார் பெயர் எழுதிய உறையை எடுத்துக் கட்டின் அடியில் வைத்தார்.